பழகிய சுவையை எலி ஏன் எளிதில் வெறுப்பதில்லை? முன்பழக்கமும் சுவை வெறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல், விலங்கியல் மாணவர்களும், ஆய்வகத்தில் இந்தச் சோதனையை முதன்முறை நடத்தப்போகிறவர்களும் கேட்கும் கேள்விகளே இங்கே அதிகம். வயலில் எலிக்கு இரை வைப்பவர்களுக்கும் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் வீட்டாருக்கும் பயன்படும் பகுதிகள் கடைசியில் உள்ளன.

சுவை வெறுப்பு என்று எதைச் சொல்கிறோம்?

ஒன்றைத் தின்றபின் குமட்டலோ வயிற்றுக் கோளாறோ வந்தால், அடுத்த முறை அந்தச் சுவை நாவில் பட்டதும் விலங்கு விலகிக்கொள்ளும். 1955-இல் ஜான் கார்சியாவும் உடன் ஆய்ந்தவர்களும் எலிகள் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு கலந்த நீர் குடிக்கும் வேளையில் அவற்றின் மீது காமா கதிர் படச்செய்தார்கள். அதன்பின் அந்த எலிகள் சாக்கரினை ஒதுக்கின. மணியோசை கேட்டு எச்சில் ஊறப் பழகும் நாய்க்கு மணியும் உணவும் அடுத்தடுத்து, பல தடவை வரவேண்டும். இங்கே ஒரே தடவை போதும். சுவைக்கும் நோய்க்கும் இடையே சில மணி நேரம் கடந்திருந்தாலும் போதும். 1966-இல் கார்சியாவும் கோலிங்கும் இன்னொன்றையும் காட்டினார்கள்: வயிற்றுக் கோளாறோடு ஒட்டிக்கொள்வது சுவைதான். ஒளியும் ஓசையும் மின்னதிர்ச்சியோடு ஒட்டிக்கொள்கின்றன.

அந்தச் சுவை ஏற்கெனவே பழகியதாக இருந்தால் என்ன ஆகும்?

வெறுப்பு மெதுவாக உருவாகும், பலவீனமாக இருக்கும், சீக்கிரம் மறையும். உருவாகவே உருவாகாது என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. போதிய அளவு நோய் வந்தால் பழகிய சுவையும் வெறுக்கப்படும். கூடுதல் தடவைகளோ கூடுதல் மருந்தோ தேவைப்படும், அவ்வளவுதான்.

1967-இல் ரெவுஸ்கியும் பெடார்ஃபும் எலிகளுக்குப் பழகிய உணவு ஒன்றையும் புதிய உணவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கொடுத்துக் கதிர்வீச்சால் நோயுறச் செய்தார்கள். பழி புதிய உணவின் மேல்தான் விழுந்தது. நோய்க்கு நெருக்கமாகத் தின்றது எது என்பதைவிட எது புதியது என்பதே கூடுதலாக எடைபோட்டது. ஊருக்குப் புதிதாக வந்தவன் மேல் திருட்டுப் பழி விழுவதைப் போலத்தான்.

சுவையோடு நிற்காத பொது விதி இது. 1959-இல் லுபோவும் மூரும் செம்மறி ஆடு, வெள்ளாடுகளில் இதைக் கண்டு உள்ளுறைத் தடை என்று பெயரிட்டார்கள்: விளைவே இல்லாமல் பலமுறை வந்துபோன ஒரு குறிப்பு, பிற்பாடு விளைவோடு வந்தாலும் எளிதில் கற்கப்படுவதில்லை.

எத்தனை தடவை பழக்கினால் தடை தெரியும்?

சுவை வெறுப்பில் ஒரே ஒரு தடவை கொடுத்திருந்தாலும் ஓரளவு தெரிந்துவிடும். தடவைகள் கூடக்கூட, ஒவ்வொரு தடவையும் குடிக்கும் நேரம் கூடக்கூட, தடை வலுக்கும். ஆய்வகத்தில் நாளுக்கு 20 நிமிடம் என்று 4 முதல் 6 நாள் கொடுப்பது வழக்கம். அதற்கு மேல் நீட்டிப்பதில் பெரிதாக லாபமில்லை. செறிவை மாற்றாதீர்கள். 0.1 சதவீதச் சாக்கரினில் பழக்கிவிட்டு 0.3 சதவீதத்தில் நோயூட்டினால் எலிக்கு அது பாதி புதிய சுவை. செறிவு கூடும்போது சாக்கரினில் கசப்பும் தலைகாட்டும்.

ஏன் இப்படி? ‘இது பாதுகாப்பானது’ என்று எலி கற்றுக்கொள்கிறதா?

இதில் நெடுநாள் வாதம் உண்டு. 1973-இல் கலாட்டும் ரோசினும் செய்த சோதனையிலிருந்து தொடங்கலாம். ஒரு குழு எலிகள் நோய்க்கு அரைமணி நேரம் முன்பு இனிப்பு நீரைக் குடித்தன. இன்னொரு குழு 4 மணி நேரம் முன்பு. மூன்றாவது குழு இரண்டு வேளையும். அரைமணி நேரக் குழுவுக்கு வலுவான வெறுப்பு, 4 மணி நேரக் குழுவுக்குப் பலவீனமானது. மூன்றாவது குழு இரண்டு தடவை குடித்திருக்கிறது, அதில் ஒன்று நோய்க்கு நெருக்கமாக. எனவே வெறுப்பு வலுவாக இருக்கவேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அது 4 மணி நேரக் குழுவைப் போலவே நடந்துகொண்டது. முதல் தடவை குடித்து மூன்றரை மணி நேரம் ஒன்றும் ஆகாததால் ‘இது ஆபத்தில்லை’ என்ற பாடம் பதிந்துவிட்டது என்பது அவர்கள் விளக்கம்.

அழகான விளக்கம், ஆனால் ஓர் ஓட்டை உண்டு. உண்மையிலேயே ‘பாதுகாப்பு’ பதிந்திருந்தால், அதே சுவையை ‘நோய் வராது’ என்பதற்கு அடையாளமாகக் கற்பது எலிக்கு எளிதாகவேண்டும். செய்து பார்த்தபோது அதுவும் தாமதமாகத்தான் நடந்தது. ஆக, பழகிய சுவை எந்தப் பக்கமும் சட்டென்று சாய்வதில்லை. ‘இந்தச் சுவை எதையும் சொல்வதில்லை’ என்று எலி கற்றிருக்கிறது, அல்லது அதன்மேல் கவனம் குறைந்திருக்கிறது என்பதே பொருத்தம். கலாட்டே பிற்பாடு ‘பாதுகாப்பு’ என்பதை விட்டு, ‘தொடர்பில்லை என்று கற்றல்’ என்ற பக்கம் நகர்ந்தார். எங்கள் சாய்வும் அந்தப் பக்கம்தான். பாடநூல்கள் இன்னும் ‘கற்ற பாதுகாப்பு’ என்றே எழுதிக்கொண்டிருப்பது மாணவர்களைக் குழப்புகிறது.

பழக்கிய இடமும் நோயூட்டும் இடமும் வேறாக இருக்கலாமா?

தடையை அளப்பது நோக்கமென்றால் வேண்டாம். வீட்டுக்கூண்டில் பழக்கிவிட்டு, வேறு வாசனையும் வேறு தரையும் உள்ள பெட்டியில் நோயூட்டினால் தடை வெகுவாகக் குறையும். முன்பழக்கம் நடந்த சூழலோடு சேர்ந்தே பதிகிறது. பணியாள் மாறுவது, கூண்டுத் தூள் மாறுவது, காலை வேளை மாலை வேளையாவது போன்ற சின்ன மாற்றங்களும் இதில் சேரும்.

நோயூட்டிய பிறகு சோதிக்க எத்தனை நாள் காத்திருக்கலாம்?

ஒரு நாள் இடைவெளி விட்டுச் சோதிப்பதே வழக்கம். மூன்று வாரம்போல, அதுவும் வேறு கூண்டில் வைத்திருந்துவிட்டுச் சோதித்தால், முன்பழகிய எலிகளில் தடை கூடுதலாகத் தெரிந்ததை டெ லா காசாவும் லுபோவும் காட்டியிருக்கிறார்கள். ‘ஒன்றுமில்லை’ என்ற பழைய பாடமும் ‘நோய்’ என்ற புதிய பாடமும் இரண்டுமே நினைவில் இருக்கின்றன, நாள் செல்லச்செல்ல முதலாவது மேலே வருகிறது என்று இதைப் படிக்கலாம். வெறுப்பு கற்கப்படவே இல்லை என்ற விளக்கத்துக்கு இது இடைஞ்சல். உங்கள் திட்டத்தில் இடைவெளி எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

சோதனையை எப்படி அமைப்பது?

முதலில் அனுமதி. இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது.

குறைந்தது நான்கு குழுக்கள் வேண்டும்: சுவையோடு பழகியவை, நீரோடு மட்டும் பழகியவை, இவை ஒவ்வொன்றிலும் குமட்டலூட்டும் லித்தியம் குளோரைடு ஊசி பெறுபவை, ஒப்பீட்டுக்காக உப்புநீர் ஊசி பெறுபவை. குழுவுக்கு 8 முதல் 10 எலிகள், தனித்தனிக் கூண்டு.

ஒரு வாரம் நீர் ஒழுங்கு: காலையில் 20 நிமிடம் அளக்கும் வேளை, மாலையில் தாகம் தீர 30 நிமிடமாவது. தினமும் எடை பாருங்கள். தொடக்க எடையில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த எலிக்கு நீரைத் தாராளமாகத் திறந்துவிடவேண்டும். காலைக் குடியளவு மூன்று நாள் ஒரே மட்டத்தில் நின்றபின் முன்பழக்கம் தொடங்கலாம்: பாதி எலிகளுக்குக் காலையில் லிட்டருக்கு 1 கிராம் சாக்கரின் கரைந்த நீர், மீதிக்கு வெறும் நீர்.

நோயூட்டும் நாளில் எல்லா எலிக்கும் சாக்கரின். 10, 15 நிமிடத்தில் வயிற்றறைக்குள் ஊசி. 0.15 மோலார் கரைசலுக்கு லிட்டருக்கு 6.36 கிராம் லித்தியம் குளோரைடு. இந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக இழுக்கும். திறந்த தட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் எடை தப்பாகிவிடும். கிலோவுக்கு 20 மி.லி. என்பது ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் அளவு, அதாவது கிலோவுக்கு 127 மி.கி.; 300 கிராம் எலிக்கு 6 மி.லி. முன்பழக்கத்தை ஆராய இது அதிகம் என்பது எங்கள் கருத்து. பாதியில், அதாவது கிலோவுக்கு 10 மி.லி.யில் தொடங்குங்கள். காரணம் கீழே வருகிறது.

மறுநாள் வெறும் நீர், ஓய்வு. அதற்கடுத்த நாள் சோதனை. குடித்த அளவைக் குப்பியை முன்னும் பின்னும் எடைபோட்டு அறியலாம். 1 கிராம் ஏறக்குறைய 1 மி.லி. எலி இல்லாத கூண்டில் ஒரு குப்பியைத் தொங்கவிட்டு ஒழுகல் எவ்வளவு என்று பார்த்துக் கழியுங்கள். சிறு குடியளவுகளில் இந்த ஒழுகல்தான் முடிவையே புரட்டும்.

சோதனையில் ஒரு குப்பியா, இரண்டா?

வெறுப்பு பலவீனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் இரண்டு: ஒன்றில் சாக்கரின், ஒன்றில் நீர். சாக்கரின் அளவை மொத்தக் குடியளவால் வகுத்தால் விருப்ப விகிதம் கிடைக்கும். பாதி நேரத்தில் குப்பிகளை இடம் மாற்றுங்கள், சில எலிகள் சுவையைப் பார்க்காமல் ஒரே பக்கம் குடிக்கும்.

வெறுப்பு வலுவாக இருந்தால் ஒரு குப்பிதான் சரி. நீர் பக்கத்திலேயே இருக்கும்போது லேசான வெறுப்புள்ள எலியும் கடும் வெறுப்புள்ள எலியும் ஒன்றுபோலச் சாக்கரினை விட்டுவிடும். தாகம் இழுக்கும்போதுதான் இரண்டுக்கும் வேறுபாடு வெளியே வரும்.

முன்பழகிய குழுவும் புதிய குழுவும் ஒன்றுபோலவே வெறுக்கின்றன. எங்கே தவறு?

பெரும்பாலும் மருந்தளவில். அதிக லித்தியம் கொடுத்தால் இரண்டு குழுவும் பூஜ்யத்துக்கு அருகில் போய் நிற்கும். அங்கே வேறுபாடு தெரிய இடமே இல்லை. ‘முன்பழக்கத்துக்கு விளைவில்லை’ என்று முடித்த மாணவர் ஆய்வேடுகள் பலவற்றில் நடந்தது இதுதான். உடனே கைவிடாமல், நோயூட்டாமல் சாக்கரினை மட்டும் தினமும் கொடுத்துக்கொண்டே போங்கள். முதல் நாள் ஒன்றாக இருந்த குழுக்கள் அடுத்தடுத்த நாட்களில் பிரியும். முன்பழகியவை விரைவில் குடிக்கத் திரும்பும். மறையும் வேகமும் ஓர் அளவைதான்.

அதுவும் பிரியவில்லை என்றால் சூழல் மாற்றத்தைச் சந்தேகியுங்கள். பிறகு, பழக்கும் நாட்களில் எலி உண்மையில் எவ்வளவு குடித்தது என்ற பதிவைப் பாருங்கள். குப்பி முனை அடைத்திருந்தால் அந்த எலி பழகவே இல்லை.

வேறுபாடு தெரிகிறது. ஆனால் அது வெறுப்பினால்தானா?

இதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம். எலிக்குப் புதிய சுவையென்றாலே தயக்கம் உண்டு. முதல் நாள் குறைவாகத்தான் குடிக்கும். இதனால் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, நோயூட்டும் நாளில் பழகிய எலி 12 மி.லி. குடிக்க, புதிய எலி 7 மி.லி. குடித்தால், குழுக்கள் சுவையைச் சந்தித்த அளவே வேறு. எல்லாவற்றுக்கும் 5 மி.லி. மட்டும் வைத்து, முழுவதும் குடிக்க விடுங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. நோயுற்ற எலிக்கு எந்தப் புதிய சுவையின் மேலும் தயக்கம் கூடிவிடும், அந்தச் சுவை நோயோடு இணைக்கப்படாவிட்டாலும். ஆகவே சோதனையில் புதிய குழு குறைவாகக் குடிப்பது கற்ற வெறுப்பாக இல்லாமல், கூடிப்போன தயக்கமாகவும் இருக்கலாம். இதைப் பிரிக்க, சாக்கரின் குடித்து 24 மணி நேரம் கழித்து லித்தியம் பெறும் இணையாக் குழு ஒன்றைப் பழகியவற்றிலும் புதியவற்றிலும் சேர்க்கவேண்டும். எலி எண்ணிக்கை கூடும், அனுமதிக் குழு கேள்வி கேட்கும். இருந்தாலும் இந்தக் குழு இல்லாத முடிவை நாங்கள் முழுமையாக நம்பமாட்டோம்.

சுவைக்குப் பதில் லித்தியத்தோடு எலி ஏற்கெனவே பழகியிருந்தால்?

அப்போதும் வெறுப்பு பலவீனமாகும், ஆனால் அது வேறு விளைவு. முன்பு ஊசி போட்ட கூண்டும் ஊசியின் உணர்வுமே நோயின் அடையாளமாகிவிட, சுவைக்கு வேலை மிச்சமில்லாமல் போவது ஒரு காரணம். வேறு ஆய்வில் ஊசி வாங்கிய எலிகளை இந்தச் சோதனைக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

ஒரு சுவையில் பழக்கினால் அதை ஒத்த சுவைகளுக்கும் தடை பரவுமா?

ஓரளவு பரவும். ஆனால் இதற்கு எதிர்த்திசை விளைவு ஒன்றும் உண்டு. உப்பு சேர்த்த எலுமிச்சை நீர், சர்க்கரை சேர்த்த எலுமிச்சை நீர் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சந்திக்கும் எலிக்கு ஒன்றில் நோய் வந்தால், எலுமிச்சை பொதுவாக இருப்பதால் மற்றதையும் ஒதுக்கும். இரண்டையும் முன்பே பழகிய எலியோ நோய் வந்ததை மட்டும் ஒதுக்கி, மற்றதைக் குடிக்கும். பொதுவான எலுமிச்சை மங்கி, வேறுபடும் உப்பும் சர்க்கரையும் எடுப்பாகின்றன. இரண்டு நீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இந்தப் பிரித்தறிதல் கூர்மையாகும். ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதைக் கொடுத்தால் அவ்வளவு கூர்மை வராது.

மூளையில் எங்கே நடக்கிறது?

சுவைக்கான இன்சுலா புறணி முக்கிய இடம். புதிய சுவை நாவில் பட்டதும் அங்கே அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளின் வெளியீடு உயர்கிறது. அதே சுவை பழகப்பழக அந்த உயர்வு குறைகிறது. புதிய சாக்கரினும் நோயும் சேரும்போது இன்சுலாவிலும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியிலும் தெரியும், நரம்பணுக்கள் செயல்பட்டதைக் காட்டும் சி-ஃபாஸ் புரதத்தின் எழுச்சி, பழகிய சாக்கரினில் அவ்வளவு தெரிவதில்லை. இன்சுலா சேதமான எலிகள் புதிய சுவையைப் பழகிய சுவைபோலவே நடத்துகின்றன. எனவே அவற்றின் வெறுப்பு தாமதமாவதைப் பார்த்து ‘கற்கும் திறன் போயிற்று’ என்று சொல்வதற்கு முன் யோசிக்கவேண்டும். போனது புதுமையை உணரும் திறனாக இருக்கலாம்.

வயலில் எலிக்கு மருந்து வைக்குமுன் வெறும் இரை வைப்பது இதனால்தானா?

ஆம். துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்து வயிற்று அமிலத்தில் பாஸ்பைன் வாயுவை விடுவித்து விரைவில் நோயூட்டும். தயங்கித் தயங்கிக் கொஞ்சம் தின்ற எலி சாகாமல் தப்பினால், அந்த இரையை வாரக்கணக்கில் தொடாது. 2, 3 நாள் மருந்தில்லாத தானியமும் எண்ணெயும் அதே இடத்தில், அதே வேளையில் வைத்தால் தயக்கம் போய், மருந்து நாளில் எலி கொல்லும் அளவைத் தின்றுவிடும். முன் இரைக்கும் மருந்திரைக்கும் ஒரே தானியம், ஒரே எண்ணெய் வேண்டும். முன் இரையில் அரிசி, மருந்தில் சோளம் என்றால் அத்தனை நாள் வேலையும் வீண்.

பரிந்துரைக்கப்படும் செறிவு 2 சதவீதம். கூட்டிப்போட்டால் வாடை தூக்கலாகி, அதுவே எலிக்குப் புதிய எச்சரிக்கையாகும். தப்பிய எலிகளுக்கு அதே மருந்தை உடனே மறுபடி வைக்காமல் 0.005 சதவீத புரோமாடியோலோன் என்ற வேறு எலி மருந்துக்கு மாறுவார்கள். அது சில நாள் கழித்தே வேலைசெய்வதால் எலி இரையோடு முடிச்சுப் போடுவதில்லை. துத்தநாக பாஸ்பைடுக்கு முறிமருந்து கிடையாது: கையுறை, பூட்டிய இருப்பு, மீந்த இரையையும் செத்த எலியையும் அன்றே புதைப்பது, எல்லாம் கட்டாயம்.

காட்டு விலங்குகளிலும் மேய்ச்சலிலும் இது உதவுமா?

பழகாத உணவாக இருந்தால் நன்றாக உதவும். ஆஸ்திரேலியாவில் 1935-இல் கொண்டுவந்து விடப்பட்ட கரும்புத் தேரை பரவிவரும்போது, அதைக் கடிக்கும் குவால் என்ற பைம்மாவினம் நஞ்சேறிச் சாகிறது. தையாபெண்டசோல் என்ற குமட்டல் மருந்தைச் சிறு தேரையில் சேர்த்துக் குவால்களுக்குக் கொடுத்தபோது பல குவால்கள் தேரையைத் தவிர்க்கக் கற்றன. அவை தேரையை அதற்கு முன் பார்த்ததில்லை என்பது பாடத்துக்குச் சாதகம்.

மேய்ச்சலில் நச்சுச் செடியை ஏற்கெனவே விரும்பித் தின்று பழகிய மாட்டை லித்தியம் கொண்டு திருப்புவது கடினம். புதிதாக வரும் மாட்டுக்கு, செடி இருக்கும் நிலத்தில் விடுவதற்கு முன்பே வெறுப்பூட்டுவது எளிது. வெறுப்பூட்டிய மாடுகளைத் தனி மந்தையாக வையுங்கள். பக்கத்து மாடு தின்பதைப் பார்த்து அவையும் ஒரு வாய் வைக்கும், நோய் வராது, வெறுப்பு கரைந்துவிடும்.

மனிதர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 1978-இல் இலீன் பெர்ன்ஸ்டைன் வெளியிட்ட ஆய்வில், குமட்டலூட்டும் புற்றுநோய் மருந்துக்கு முன் குழந்தைகளுக்கு மேப்பிளும் கறுப்பு வால்நட்டும் கலந்த, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஐஸ்கிரீம் கொடுக்கப்பட்டது. பிற்பாடு அதை மறுபடி தேர்ந்தெடுத்தவர்கள் 21 சதவீதம். ஒப்பீட்டுக் குழுக்களில் 67, 73 சதவீதம்.

1987-இல் பிராபெர்கும் பெர்ன்ஸ்டைனும் இதையே கேடயமாகத் திருப்பினார்கள். வழக்கமான சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே தேங்காய்ச் சுவையோ ரூட் பியர் என்ற அமெரிக்கக் குளிர்பானத்தின் சுவையோ உள்ள மிட்டாயைக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது பழியில் பெரும்பங்கை மிட்டாய் ஏற்றுக்கொண்டது, சாப்பாடு தப்பியது.

அப்படியானால் சிகிச்சை நாளில் வீட்டார் என்ன செய்யலாம்?

மருந்தேற்றும் நாளில் குழந்தைக்குப் புதிய சத்துணவையோ புதிய பானத்தையோ அறிமுகம் செய்யாதீர்கள்; வெறுப்பு முதலில் அதன் மேல்தான் விழும். பிற்பாடு தினமும் தேவைப்படும் சத்துமாவு என்றால், சிகிச்சை தொடங்குவதற்குப் பல நாள் முன்பே பழக்கிவிடுங்கள். மிகவும் பிடித்த பண்டத்தையும் அந்த வேளைக்கு வைக்கவேண்டாம். பழக்கம் வெறுப்பைக் குறைக்குமே தவிர, முழுதாகத் தடுக்காது. இட்லி, கஞ்சி போன்ற அன்றாட உணவைக் குறைவாகக் கொடுத்துவிட்டு, மருந்துக்குச் சற்று முன் இதுவரை சுவைக்காத ஒரு மிட்டாயைக் கொடுக்கலாம், பிற்காலத்தில் அந்த மிட்டாயை வெறுத்தால் நஷ்டமில்லை. வாய்ப்புண், சர்க்கரைக் கட்டுப்பாடு, விழுங்குவதில் சிரமம் இருந்தால் மிட்டாய் ஆகாது. சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.